விண்வெளியைக் கழித்தால் மிச்சம் யார்?

எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கி மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் முடியும் சென்னை எல்லைச் சாலையின் நீளம் சுமார் 133 கிலோமீட்டர். ஐந்து பகுதிகளாகப் பிரித்த அந்தத் திட்டத்தின் கடைசி இரண்டு பகுதிகளும் கூடும் இடம் சிங்கப்பெருமாள் கோவில். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் பகுதி இங்கே முடிகிறது. பூஞ்சேரிக்குப் போகும் பகுதி இங்கே தொடங்குகிறது. சாலை என்றால் நிலம் எடுப்பு. சர்வே எண், பட்டா, பேப்பரில் வரும் அறிவிப்பு, ஆட்சேபனைக்குக் கெடு, தாலுகா ஆபீசுக்கு நடை என்ற சொற்களையெல்லாம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

டக்ளஸ் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய ஒரு நகைச்சுவைத் தொடர் இந்த ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’ 1978-ல் பிபிசி வானொலியில் வந்தது; 1981 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடரானது. ஆர்தர் டென்ட் என்ற சாதாரண மனிதரின் வீட்டை இடிக்க ஒரு காலையில் புல்டோசர் வந்து நிற்கிறது. புறவழிச்சாலை போட வேண்டுமாம். வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தோமே என்கிறார் அதிகாரி. வைத்திருந்த இடம்: அலுவலகத்தின் நிலவறையில், யாரும் போகாத கழிப்பறைக்குள், பூட்டிய அலமாரியின் அடித்தட்டு. ஆர்தர் புல்டோசர் முன்னால் படுத்து மறியல் செய்துகொண்டிருக்கும் அதே நாளில் வானத்தில் வேற்றுக்கிரகக் கப்பல்கள் வந்து சேர்கின்றன. விண்மீன்களுக்கு நடுவே ஒரு புறவழிச்சாலை வரப்போகிறது, அதற்காகப் பூமியையே இடிக்கப்போகிறோம் என்று அறிவிக்கிறார்கள். பூமி அலறுகிறது. வரைபடம் ஐம்பது ஆண்டுகளாக ஆல்ஃபா சென்டாரியில் உள்ள அலுவலகத்தில் இருந்ததே, ஆட்சேபனையை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று பதில் வருகிறது. ஆல்ஃபா சென்டாரி இங்கிருந்து நான்கு ஒளியாண்டுக்கும் மேலான தூரத்தில் இருக்கிறது.

இந்தக் கதையிலிருந்து விண்வெளியைக் கழித்துப் பார்க்கலாம். கப்பலும் விண்மீனும் போய்விட்டால் மிச்சமிருப்பது ஓர் அரசு அலுவலகம், அதன் மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, அவர் எதிரே வீட்டை இழக்கப்போகும் ஒரு மனிதர். ஆடம்ஸ் கேலி செய்தது வானியலை அல்ல. மக்களுக்குத் தெரிவித்தோம் என்று காகிதத்தில் காட்டுவதற்காக மட்டுமே நடக்கும் அறிவிப்பு முறையைத்தான் கேலி செய்தார். விண்வெளி நகைச்சுவைகளில் நையாண்டியை அடையாளம் காண இந்தக் கழித்தல் கணக்கு மிகவும் உதவும். விண்வெளியை எடுத்துவிட்ட பிறகு யார் மிச்சமிருக்கிறாரோ, பெரும்பாலும் அவரைப் பற்றியதுதான் அந்தச் சிரிப்பு.

தொண்டைமானின் ஆயுதக் கொட்டில்

தமிழுக்கு இது புதிய பாடமல்ல. தொல்காப்பியத்தின் செய்யுளியல் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பழியை நேரடியாகச் சொல்வது ஒன்று. மறைத்துச் சொல்வது மற்றொன்று. முதலாவதைச் செம்பொருள் அங்கதம் என்றும், இரண்டாவதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் சொல்வார்கள்.

இரண்டாவது வகைக்கு ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லும் உதாரணம் புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் வருகிறார். தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். இங்கே வேல்களெல்லாம் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. மேலோட்டமாகக் கேட்டால் தொண்டைமானுக்குப் புகழ்ச்சி. யோசித்துப் பார்த்தால், போரே காணாத ஆயுதங்கள் உன்னுடையவை என்ற குத்தல். சிங்கப்பெருமாள் கோவில் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டமும் அந்தப் பழைய தொண்டை நாட்டுக்குள் அடங்கியதுதான்.

இப்போதைய தொலைக்காட்சித் தொடர்களும் இந்த இரண்டு வழிகளிலேயே நடக்கின்றன. சில நேருக்கு நேர் அடிக்கின்றன. சில, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் புகழ்ந்துகொண்டே போகின்றன. பார்ப்பவர் ஏமாறுவது பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான்.

கரித்தண்டுக்கு ஊர்வலம்

நையாண்டியின் முதல் உத்தி மிகைப்படுத்துதல். உண்மையில் இருக்கும் ஒரு குணத்தை எடுத்து, அது கண்ணுக்குத் தெரியும்வரை பெரிதாக்குவது.

1994 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘தி சிம்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் ‘டீப் ஸ்பேஸ் ஹோமர்’ எபிசோடை எடுத்துக்கொள்ளலாம். ராக்கெட் ஏவுவதை டிவியில் யாரும் பார்ப்பதில்லை, ரேட்டிங் விழுந்துவிட்டது என்று நாசா அதிகாரிகள் கவலைப்படுகிறார்கள். சாமானியர் ஒருவரை அனுப்பினால் ஜனங்கள் பார்ப்பார்கள் என்று முடிவு செய்து, அணுமின் நிலைய ஊழியரான ஹோமரை அனுப்புகிறார்கள். நிலவில் இரண்டாவதாகக் கால் வைத்த பஸ் ஆல்ட்ரினே தம் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறார். எடையற்ற கலத்துக்குள் ஹோமர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்க, துண்டுகள் மிதந்து பரவ, ஆராய்ச்சிக்காகக் கொண்டுபோன எறும்புப் பெட்டி உடைகிறது. ஓர் எறும்பு கேமராவுக்கு மிக அருகில் மிதக்கிறது. படத்தைப் பார்த்த செய்தி வாசிப்பாளர், ராட்சத எறும்புகள் கலத்தைப் பிடித்துவிட்டன என்று முடிவு கட்டி, புதிய எஜமானர்களுக்கு நேரலையிலேயே வரவேற்பு சொல்லிவிடுகிறார். கடைசியில் கலத்தின் கதவு திறந்துவிடாமல் தடுத்தது ஒரு கரித்தண்டு. பூமிக்குத் திரும்பியதும் ஊர்வலம், பத்திரிகை அட்டைப்படம் எல்லாம் அந்தத் தண்டுக்கே கிடைக்கின்றன.

விண்வெளியைக் கழித்தால் மிச்சம் ரேட்டிங்குக்காகச் செயல்படும் நிறுவனம், சரிபார்க்காமல் செய்தி சொல்லும் சேனல், நாயகன் வேண்டும் என்று அவசரப்படும் ஊடகம். மூன்றும் நம் வீட்டு வரவேற்பறைக்கும் தினமும் வருகிறவைதான்.

பெரிய இடத்தில் சின்ன மனிதர்கள்

இரண்டாவது உத்தி பொருந்தாமை. இடம் பிரம்மாண்டமாக இருக்கும். அதில் நடமாடும் மனிதர்களின் கவலை மிகச் சிறியதாக இருக்கும்.

பிபிசியில் 1988 பிப்ரவரியில் தொடங்கிய ‘ரெட் ட்வார்ஃப்’ தொடரில் கதிர்வீச்சுக் கசிந்து கப்பலில் ஒருவனைத் தவிர எல்லோரும் இறந்துவிடுகிறார்கள். முப்பது லட்சம் ஆண்டுகள் கழித்துக் கண் விழிக்கும் ஒரே மனிதன் லிஸ்டர். அவனுடைய வேலை, கப்பலில் இருக்கும் உணவு வழங்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. அவனுக்குத் துணையாக இருப்பது ரிம்மர் என்ற மேலாளரின் ஒளியுருவம். ரிம்மர் உயிரோடு இருந்தபோது அதிகாரி தேர்வை எழுதி எழுதித் தோற்றவர். செத்த பிறகும், மனித குலமே அழிந்த பிறகும், தான் லிஸ்டரைவிட ஒரு படி உயர்ந்தவன் என்பதை அவர் விட்டுக்கொடுப்பதில்லை. சம்பளமும் இல்லை, மேலிடமும் இல்லை, ஆனால் பதவி மட்டும் இருக்கிறது. துறைத் தேர்வு, பதவி உயர்வு, சீனியாரிட்டி என்று வாழ்ந்தவர்களுக்கு ரிம்மர் அந்நியரல்ல.

அந்தத் தொடரிலேயே இன்னொரு கிளைக்கதையும் உண்டு. லிஸ்டர் வளர்த்த பூனையின் சந்ததி அத்தனை ஆண்டுகளில் மனித உருவம் பெற்று, லிஸ்டரையே தெய்வமாகக் கும்பிடுகிறது. அவன் திறக்க ஆசைப்பட்ட உணவுக்கடையில் அணியும் தொப்பி சிவப்பா, நீலமா என்று இரண்டு கட்சிகளாகப் பிரிந்து போர் புரிந்து மடிகிறது. கழித்தல் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம்.

வேஷமும் உள்ளே இருப்பதும்

மூன்றாவது உத்தி, வெளித்தோற்றத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியைத் திறந்து காட்டுவது. ‘வீப்’ போன்ற அரசியல் நையாண்டிகளைத் தந்த அர்மாண்டோ இயனூச்சி உருவாக்கிய ‘அவென்யூ 5’ எச்பிஓவில் 2020 ஜனவரியில் வந்தது. பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு சனிக்கோள் பக்கம் போய்வரும் சுற்றுலாக் கப்பல். எட்டு வாரப் பயணம் ஒரு விபத்தில் பாதை மாறி, ஊர் திரும்ப ஆண்டுக்கணக்கில் ஆகும் என்றாகிறது. கம்பீரமான கேப்டனை எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் ஹியூ லாரி நடித்த அந்தக் கேப்டன் உண்மையில் ஒரு நடிகர். பளபளக்கும் கட்டுப்பாட்டு அறையில் பொத்தான் தட்டுகிற அழகான இளைஞர்களும் நடிகர்களே. நிஜமாக வேலை செய்யும் பொறியாளர்கள் பயணிகளின் கண்ணில் படாமல் கீழ்த்தளத்தில் இருக்கிறார்கள்.

இங்கே மிச்சமாவது கம்பெனி. விளம்பரத்தில் ஒரு முகம், இயந்திர அறையில் வேறொரு முகம். பயணிகளின் பீதியை வாடிக்கையாளர் சேவைப் பிரிவு சமாளிக்கும் காட்சிகளில் இந்த இடைவெளி இன்னும் பட்டவர்த்தனமாகிறது.

நெட்ஃபிளிக்ஸ் 2020 மே மாதம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் ஃபோர்ஸ்’ உண்மைக்கு மிக அருகில் நின்று எடுத்த தொடர். அமெரிக்கா தன் விண்வெளிப் படையை 2019 டிசம்பரில்தான் தொடங்கியிருந்தது. ஐந்து மாதத்தில் அதே பெயரில் நகைச்சுவை வந்துவிட்டது. முதல் எபிசோடில் காற்றில் ஈரப்பதம் அதிகம், ஏவுவதைத் தள்ளிப்போடுங்கள் என்று விஞ்ஞானிகள் சொல்ல, ஸ்டீவ் கரேல் நடித்த ஜெனரல் வெளியே போய் நின்று பார்த்துவிட்டுத் தன் மனதுக்குப் பட்டபடி ஏவச் சொல்கிறார். நிதி ஒதுக்கீடு பற்றிய விசாரணையில் விண்வெளிக்கு அனுப்பிய ஓர் ஆரஞ்சுப் பழத்துக்கு 10,000 டாலர் ஏன் என்று கேள்வி எழுகிறது. பூமியிலிருந்து எந்தப் பொருளை மேலே ஏற்றினாலும் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவு பிடித்த காலம் உண்டு என்பது அந்தக் காட்சிக்கு அடியில் இருக்கும் உண்மை. மிகைப்படுத்துதல் அந்த உண்மையின் மேல் நிற்பதால்தான் அது நையாண்டி ஆகிறது; இல்லாவிட்டால் வெறும் கூத்தாக முடிந்திருக்கும்.

சிரிக்காத முகம்

நான்காவது உத்திதான் ஆபத்தானது. வேறொரு வடிவத்தை அச்சு அசலாகப் போட்டுக்கொண்டு, கடைசிவரை முகத்தைக் கல்லாக வைத்திருப்பது.

பிரிட்டனின் ஆங்கிலியா டெலிவிஷன் 1977-ல் ‘ஆல்டர்னேட்டிவ் 3’ என்ற நிகழ்ச்சியை எடுத்தது. விஞ்ஞானிகள் காணாமல் போகிறார்கள். பூமி வாழத் தகுதியற்றதாகப் போகிறது என்பதால் நிலவிலும் செவ்வாயிலும் ரகசியக் குடியிருப்பு நடக்கிறது என்பது கதை. அறிவியல் ஆவணப்பட வடிவம், செய்தி வாசித்த அனுபவமுள்ள தொகுப்பாளர், பேட்டிகள் என எல்லாம் கச்சிதம். ஏப்ரல் முதல் தேதிக்கென்று எடுத்தது, தள்ளிப்போய் ஜூன் 20 அன்று ஒளிபரப்பானது. பதறிப்போன நேயர்கள் தொலைபேசியில் கேட்க ஆரம்பித்தார்கள். நிகழ்ச்சியின் முடிவில் நடிகர்களின் பெயர்ப் பட்டியலும் ஏப்ரல் 1 என்ற தேதியும் இருந்தன. அதைக் கவனித்தவர்களுக்குக் குழப்பமில்லை.

பிரெஞ்சு இயக்குநர் வில்லியம் கரேல் 2002-ல் ஆர்ட்டே சேனலுக்காக எடுத்த ‘ஆப்பரேஷன் லூன்’ இன்னும் ஒரு படி மேலே போனது. நிலவில் இறங்கிய காட்சிகளை ஸ்டான்லி குப்ரிக் ஸ்டூடியோவில் படம் பிடித்துக் கொடுத்தார் என்று அது சொல்கிறது. ஹென்றி கிஸ்ஸிங்கர், டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் போன்ற நிஜ மனிதர்களே அதில் பேசுகிறார்கள். ஆனால் சாட்சிகள் சிலரின் பெயர்கள் திரைப்படப் பாத்திரங்களிலிருந்து எடுத்தவை. டேவிட் போமன் என்பது குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ நாயகன், ஜாக் டோரன்ஸ் என்பது அவருடைய ‘தி ஷைனிங்’ படத்தின் நாயகன். முடிவில் பேசியவர்கள் வசனத்தைத் தவறவிட்டுச் சிரிக்கும் காட்சிகளையும் இயக்குநர் சேர்த்திருக்கிறார். ஆவணப்படம் என்ற முத்திரையை நாம் எவ்வளவு எளிதாக நம்புகிறோம் என்பதுதான் படத்தின் பொருள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பிய துண்டுகளைப் பார்த்து, நிலவுப் பயணம் பொய் என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டதாக நம்பியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தாம்பரம் மின்சார ரயிலில் கைபேசியில் ஒரு நிமிடக் காணொளியாகப் பார்ப்பவருக்கு அந்தப் பெயர்ப் பட்டியலும் கடைசிக் காட்சியும் வந்து சேர்வதே இல்லை. அதனால் துண்டு எதைச் சொன்னாலும் முழு நிகழ்ச்சியின் பெயர், ஆண்டு, முடிவு ஆகிய மூன்றையும் தேடிப் பார்ப்பது அவசியம்.

மாட்டோடு நின்ற விவசாயி

கழித்தல் கணக்கு, நையாண்டியின் நியாயத்தை அளக்கவும் கைகொடுக்கும். இந்தியாவின் மங்கள்யான் விண்கலம் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்ந்தது. திட்டச் செலவு சுமார் 450 கோடி ரூபாய். முதல் முயற்சியிலேயே வெற்றி. அடுத்த சில நாட்களில் ‘நியூயார்க் டைம்ஸ்’ ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. மேல்தட்டு விண்வெளிச் சங்கம் என்று எழுதிய அறைக்குள் கோட்டு போட்ட கனவான்கள் உட்கார்ந்திருக்க, தலைப்பாகை கட்டிய இந்திய விவசாயி ஒருவர் மாட்டைப் பிடித்தபடி வெளியே நின்று கதவைத் தட்டுகிறார். வரைந்தவர் சிங்கப்பூர்க் கலைஞர் ஹெங் கிம் சோங். இந்தியாவில் கோபம் மூண்டது. விண்வெளி இனிப் பணக்கார மேலை நாடுகளின் தனிச்சொத்து அல்ல என்று காட்டுவதே நோக்கம் என்று விளக்கம் சொல்லி, நாளிதழின் தலையங்கப் பிரிவு ஆசிரியர் ஆண்ட்ரூ ரோசன்தால் மன்னிப்புக் கேட்டார்.

நோக்கம் அதுவாகவே இருக்கலாம். ஆனால் படத்திலிருந்து விண்வெளியைக் கழித்தால் கண்ணில் நிற்பவர் அந்த ஏழை விவசாயிதான். சங்கத்துக்காரர்களின் திமிர் பின்னணிக்குப் போய்விடுகிறது. கேலி செய்யப்பட வேண்டியவர் உள்ளே சௌகரியமாக இருக்கிறார். கேலி வெளியே நிற்பவர் மேல் விழுகிறது. அது இந்தியர்களைச் சுட்டதற்குப் படத்தின் அந்த அமைப்பே காரணம்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து மக்களுக்கு அந்தச் சூடு கூடுதலாகவே தெரியும். மூன்று ஸ்டேஷன் தள்ளி இருக்கும் பொத்தேரியில், எஸ்ஆர்எம் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய சுமார் 11 கிலோ எடையுள்ள எஸ்ஆர்எம்சாட் 2011 அக்டோபர் 12 அன்று பிஎஸ்எல்வி சி-18-ல் பறந்தது. இதே ஜிஎஸ்டி ரோட்டில் தெற்கே போனால் வரும் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல்தான் பின்னாளில் சந்திரயான்-3-ன் திட்ட இயக்குநரானார். கதவைத் தட்டுபவராக வரையப்பட்டவர்கள் இந்த வீடுகளின் பிள்ளைகள்.

பதிலும் நையாண்டியாகவே வந்தது. 2017 பிப்ரவரி 15 அன்று ஒரே ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்களை இஸ்ரோ ஏவியது. அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்க நிறுவனங்களுடையவை. ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் சந்தீப் அத்வர்யு வரைந்த படத்தில் இடங்கள் மாறியிருந்தன. இந்தியர் மாட்டோடு உள்ளே இருக்க, மேலை நாட்டவர்கள் வெளியே நின்று கதவைத் தட்டினார்கள். தலைகீழாக்குதல் என்ற உத்திக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. மாடும் தலைப்பாகையும் அப்படியே இருந்தன. கேலியின் இலக்கு மட்டும் மாறியது.

2023 ஆகஸ்டில் வேறொரு சிக்கல். சந்திரயான்-3 தரையிறங்கச் சில நாட்கள் இருந்தபோது, லுங்கி கட்டிய ஒருவர் டீ ஆற்றும் கேலிப்படத்தைப் போட்டு, நிலவிலிருந்து வந்த முதல் படம் என்ற பொருள்பட எழுதினார் நடிகர் பிரகாஷ் ராஜ். இஸ்ரோவை இழிவுபடுத்துகிறார் என்றனர் சிலர். பிரதமரைக் குத்துகிறார் என்றனர் வேறு சிலர். கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில் போலீஸ் புகாரும் போனது. ஆர்ம்ஸ்ட்ராங் காலத்துப் பழைய ஜோக் அது, கேரள டீக்கடைக்காரரைக் கொண்டாடுவது என்று அவர் விளக்கினார். நிலவில் முதலில் இறங்கியவருக்கே அங்கே ஒரு மலையாளி டீ கொடுத்தார் என்று நம் பக்கத்திலும் சொல்லிச் சிரித்த கதைதான் அது. ஒரே படம், மூன்று வாசிப்புகள். பழைய ஜோக் தெரிந்தவருக்கு அது உழைப்பாளியின் புகழ். தெரியாதவருக்கு அது தேசத்தின் பெருமித நேரத்தில் வந்த அவமதிப்பு. இலக்கு யாரென்று படத்துக்குள்ளேயே தெரியாதபோது, பார்ப்பவர் தம் கட்சிக்கும் கோபத்துக்கும் ஏற்ப ஒருவரை அங்கே நிறுத்திவிடுகிறார்.

நம் டிவிக்குக் காத்திருக்கும் கதை

வடிவத்தைப் போலி செய்வதில் தமிழ்த் தொலைக்காட்சிக்கு நல்ல பயிற்சி உண்டு. விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’, படங்களைக் காட்சி காட்சியாகப் பகடி செய்து ஒரு தலைமுறைக்கே அந்தப் பாடத்தை நடத்தியது. சந்தானமும் யோகி பாபுவும் அங்கிருந்து வந்தவர்கள். விண்வெளிக் கற்பனையும் புதிதல்ல. எம்ஜிஆர் நடித்த ‘கலை அரசி’ 1963-லேயே வேற்றுக்கிரகத்தாரைக் காட்டிவிட்டது. அறிவியலில் முன்னேறிய அந்த உலகத்தில் இசை இல்லை என்பதால் பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கிப் போகிறார்கள்.

இந்த இரண்டு மரபுகளும் ஒன்று சேர்வதற்கான களம் தெற்கே உருவாகிக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய செயற்கைக்கோள்களைச் சுமக்கும் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகள் அங்கிருந்து புறப்படும். வாடகைக்கு அறை தேடும் இளம் பொறியாளர், ஏவும் நாளில் யார் மேடையில் உட்காருவது என்று மல்லுக்கட்டும் உள்ளூர்ப் பிரமுகர்கள், கவுண்ட்டவுன் ஓடும்போது ராக்கெட்டைவிட உரக்கக் கத்தும் செய்தியாளர், பக்கத்து உடன்குடியில் கருப்பட்டிப் பெட்டிக்கு ராக்கெட் படம் ஒட்டலாமா என்று யோசிக்கும் வியாபாரி என்று பாத்திரங்களை வெளியே தேட வேண்டியதில்லை. விண்வெளியைக் கழித்தாலும் முழுதாக மிச்சமிருக்கக்கூடிய மனிதர்கள் இவர்கள். தமிழ் சேனல் ஒன்று இவர்களை வைத்து, விஞ்ஞானியின் உழைப்பைக் காயப்படுத்தாமல் அதன் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு தொடரை எடுக்க வேண்டும்.